நூற்று முப்பத்தேழாவது நட்டு

ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் எட்டு நாற்பத்தெட்டுக்கே வந்து இறங்கிவிட்டது.

ஆவுடையப்பன் அதைப் பார்க்கவில்லை. அவர் அதே விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கையில் ஸ்பானர், வாயில் டார்ச் லைட், மார்பின்மேல் இருநூற்றுப் பதினான்கு இனங்கள் அச்சடித்த சோதனைத் தாள். எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் கடைசி நட்டு நூற்று முப்பத்தேழாவது இனம். அதை முடுக்கிவிட்டு, நட்டிலிருந்து தகடு வரைக்கும் சிவப்பு வார்னிஷால் நூல் போல ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நட்டு பின்னால் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரம் பார்த்து ஷெட்டுக்கு வெளியே காதைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். நிலையத்தில் இருப்பதே ஒரே ஒரு ஜெட் விமானம். அதன் அடியில் தான் படுத்திருக்கும்போது வெளியே கத்துவது யார் வீட்டு விமானம்?

அறுபதுகளில், தூத்துக்குடிப் பக்கம், நாலா புறமும் உப்பளம் சூழ்ந்த நெடுங்கரை என்ற ஊரில் இருந்தது அந்த ஆராய்ச்சி நிலையம். ஏழு வருஷம் பாடுபட்டு ஒரு ஜெட் விமானத்தைக் கட்டியிருந்தார்கள். உப்பளத்தில் மேயும் பறவையின் ஞாபகமாக அதற்கு உள்ளான் என்று பெயர். அன்றைக்குத்தான் முதல் ஓட்டம். ஆவுடையப்பன் அங்கே சோதனை இன்ஸ்பெக்டர். அவர் கையெழுத்து இல்லாமல் விமானம் ஷெட்டை விட்டு நகரக் கூடாது. பஸ்ஸில் அவரைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து எழுந்து இடம் கொடுப்பார்கள். அவரும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார்.

வெளியே வந்து பார்த்தார். ஓடுதளத்தில் உள்ளான் நின்றுகொண்டிருந்தது. திரும்பி ஷெட்டுக்குள் பார்த்தார். அங்கேயும் உள்ளான் நின்றது. சித்திரை மாதம் ஃபோர்மேன் இசக்கிமுத்து ஏணியைச் சாய்த்ததில் வாலில் விழுந்த சொட்டை இரண்டிலும் இருந்தது.

இசக்கிமுத்து பூஜைத் தட்டோடு வாசலில் சமைந்து நின்றார். தட்டில் குங்குமம், சூடம், சக்கரத்துக்கு வைக்க மூன்று எலுமிச்சம்பழம். ஒன்றும் நசுங்கவில்லை. ஆவுடையப்பன் நடந்துபோய் வந்திறங்கிய விமானத்தின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ரப்பரில் எலுமிச்சைச் சக்கை ஒட்டியிருந்தது. ஒரு விதைகூட இருந்தது.

"வே, இசக்கிமுத்து, சக்கரத்துக்குப் பழம் வச்சீரா?"

"இன்னும் வைக்கலியே அண்ணாச்சி. இந்தா தட்டுல முழுசா இருக்குல்லா?"

"அங்க ஏற்கெனவே நசுங்கிருக்குவே."

இதற்குள் விமானத்திலிருந்து பைலட் செல்வின் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, எல்லாருக்கும் சிரித்தபடி கை காட்டினார். அதே சமயம் உடைமாற்றும் அறையிலிருந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே இன்னொரு செல்வின் வெளியே வந்தார். விமானத்தில் வந்தவர் இனிமேல் போகிறவரைப் பார்த்தார். போகிறவர் கையிலிருந்த கயிறு நழுவியது.

"பயப்படாத," என்றார் வந்தவர். "நல்லாத்தான் பறக்குது."

டைரக்டர் டாக்டர் பூவராகன் ஓடி வந்தார். உள்ளானின் எஞ்சின் அவர் மூளையில் பிறந்தது. அவர் ஒரு விமானத்தைப் பார்த்தார், மறு விமானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இதைத்தான் எதிர்பார்த்திருந்தவர் போலத் தலையை ஆட்டினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஜெட்டுன்னா என்ன ஆவுடையப்பன்? முன்னாடி இருக்கற காத்தை இழுத்து, எரிச்சு, பின்னாடி தள்ளுது. நம்ம எஞ்சின் கொஞ்சம் பலமா இழுக்குது. காத்தோட சேர்த்து நேரத்தையும் இழுத்துடுது. காத்தை மட்டும் தனியா வடிகட்ட நம்மகிட்ட சல்லடை இல்லையே. நாப்பது நிமிஷம் பறந்துட்டு, கிளம்பறதுக்குப் பன்னண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டார். அவ்வளவுதான்."

"அப்ப இவரை இப்ப அனுப்பணுமா சார்?"

"வந்தாச்சே. போகாம எப்படி வந்திருப்பார்?"

இசக்கிமுத்து எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தார். சரியாக ஒன்பதுக்கு இரண்டாவது செல்வின் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு நிலையத்தில் ஒரு செல்வின், ஒரு விமானம் என்று கணக்கு நேராகிவிட்டது.

எந்த அதிசயமும் ஆபீசுக்குள் வந்தால் மூன்றே வாரத்தில் பழசாகிவிடும். நான்காவது ஓட்டத்துக்குள் அறிவிப்புப் பலகையில் விதிகள் ஏறிவிட்டன. வந்த பைலட் போகிற பைலட்டோடு பேசக் கூடாது. நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. ஒன்பது மணி அடிக்கும் வரை கேன்டீனில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேன்டீன்காரர் அவருக்கு இரண்டு உளுந்த வடை வைப்பார். வருகைப் பதிவேட்டில்தான் சிக்கல். பறந்து முடித்தாயிற்று என்று செல்வின் எட்டு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க, ஒன்பது மணிக்கு அவர் எப்படிப் பறந்திருக்க முடியும் என்று கேட்டார் குமாஸ்தா. பறந்த நேரத்துக்கு அரை நாள் லீவு எழுதித் தரச் சொன்னார். செல்வினும் எழுதித் தந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆவுடையப்பனைத் தூங்க விடாதது வேறு ஒன்று.

ஐந்தாவது ஓட்டத்தன்று எட்டு நாற்பத்தெட்டுக்கு விமானம் வந்து இறங்கியதும், ஷெட்டில் கிளம்ப வேண்டிய மற்றொன்றின்மேல் வேலையாக இருந்த இசக்கிமுத்து ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"என்னவே, பாதியில நிறுத்திட்டீரு?"

"வந்துட்டுல்லா அண்ணாச்சி."

"அதுக்கு?"

"பத்திரமாத் திரும்பி வந்துட்டுன்னா, வண்டி நல்லா இருந்திருக்குன்னுதானே அர்த்தம்? நல்லா இருக்குற வண்டியப் பெறவு எதுக்கு முடுக்கணும்?"

"நாம முடுக்குனதாலதான்வே அது வந்துது."

"இன்னைக்கு முடுக்கலைல்லா? வந்துட்டே!"

இசக்கிமுத்து கெட்டவரில்லை. முப்பது வருஷம் கை தேய உழைத்தவர், வேலை செய்ய வேண்டாம் என்பதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார். நாமாக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்போம். அந்தக் காரணம் டைரக்டர் காதுக்குப் போயிற்று. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. இனிமேல் விமானம் வந்திறங்கிய பிறகு, வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இருநூற்றுப் பதினான்கு இனங்கள் ஒரே இனமாகச் சுருங்கிவிட்டன.

"நான் வெறும் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றார் ஆவுடையப்பன்.

"வெறும் கையெழுத்து இல்லைய்யா. நிரூபணமான கையெழுத்து. உலகத்துல வேற எந்த இன்ஸ்பெக்டருக்கு இந்த வசதி இருக்கு?"

அவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் பறக்கிற நாளெல்லாம் காலை ஆறு மணிக்கே, யாரும் வருவதற்கு முன்னால், ஷெட்டைத் திறந்து தன்னந்தனியாக இருநூற்றுப் பதினான்கையும் பார்த்து முடித்தார். ஒவ்வொரு நட்டிலும் நூல் போலச் சிவப்புக் கோடு இழுத்தார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருத்திக்கு மட்டும் தெரியும். செல்வினின் மனைவி ஜெபமணி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. ஐந்து மாதக் கர்ப்பிணி. பறக்கிற நாளில் ஆவுடையப்பன் சைக்கிளை எடுக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். திரும்பி வந்து காப்பி குடிக்கும்போதும் வந்து நிற்பாள்.

"அண்ணே, பாத்தாச்சா?"

"பாத்தாச்சும்மா."

அவ்வளவுதான் பேச்சு. அவள் உள்ளே போய் இட்லிக்குச் சட்னி அரைப்பாள்.

ஏழாவது ஓட்டத்தன்று ஆவுடையப்பன் ஊரில் இல்லை. தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும் என்று கோவில்பட்டிக்குப் போயிருந்தார். மறுநாள் வந்தபோது செல்வின் நெற்றியில் ஆறு தையலோடும், கழுத்தில் கட்டிய துணியில் தொங்கும் இடது கையோடும் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன செல்வின் இது?"

"கூரைக் கண்ணாடி திறந்துக்கிட்டு அண்ணாச்சி, மேல போனப்ப. மண்டையிலயும் கையிலயும் அடிச்சிட்டு."

கூரைக் கண்ணாடியின் கொக்கி அறுபத்தோராவது இனம். ஆவுடையப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததை ஜெபமணி சொன்னாள். ரத்தம் ஒழுக ஒழுக ஒரு செல்வின் எட்டு நாற்பத்தெட்டுக்கு வந்து இறங்கினார். அடிபடாத செல்வின் அவரைப் பார்த்துவிட்டு, நான் போக மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டார். டைரக்டர் கெஞ்சினார். நீங்கள் போகவில்லை என்றால் இந்த அடிபட்ட மனிதர் யார், இவருக்கு யார் வைத்தியச் செலவு அனுமதிப்பது என்று கேட்டார். கடைசியில் அடிபட்டவரே விதியை மீறி வாய் திறந்தார். ரொம்ப வலிக்கவில்லை, போயிட்டு வா என்றார்.

"என்னையக் கூப்பிட்டு அனுப்புனாங்கண்ணே. கட்டுப் போட்ட ஆளைக் காட்டி, உயிருக்கு ஆபத்து இல்லம்மா, பாத்துக்கோங்க, இனிமேத்தான் அனுப்பப் போறோம்னு சொன்னாங்க. நான் எதுக்கு அழணும், எந்த ஆளைப் பாத்து அழணும்னே தெரியல."

பிறகு அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நேத்து நீங்க பாக்கலதானே அண்ணே?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. காது குத்திய குழந்தை வாயில் ஊட்டிய சர்க்கரைப் பொங்கல் இனிப்பு நாக்கில் இன்னும் இருந்தது. இனிமேல் யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தார்.

செல்வின் கை சேர இரண்டு மாதமாயிற்று. மறுபடி ஓட்டங்கள் தொடங்கின. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, நான்கும் பழுதில்லாமல் வந்து இறங்கின. காலை ஆறு மணி ரகசியமும் தொடர்ந்தது. பன்னிரண்டாவது ஓட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் மாட்டிக்கொண்டார். அதைப் பார்க்க டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று, முன்கூட்டியே பழைய கோடுகளைத் துடைத்துவிட்டுச் சோதனையைத் தொடங்கியிருந்தார். அதிகாலையில் நடைப்பயிற்சிக்கு வந்த டைரக்டர், விமானத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றீர்?"

"சோதனை சார்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கான்னு பாக்கதுக்கு."

"நல்லா இல்லைன்னு உமக்குச் சந்தேகமா? டெல்லியிலேருந்து ஆள் வர்ற நேரத்துல, இன்ஸ்பெக்டரே திருட்டுத்தனமா நட்டு முடுக்கறார்னு தெரிஞ்சா என்ன ஆகும்?"

"ஏழாவது ஓட்டத்துல நான் ஊர்ல இல்ல சார். அன்னைக்குத்தான் செல்வினுக்கு அடிபட்டுது."

"அடிபட்டும் வந்தாரா இல்லையா?"

அன்று மத்தியானமே குறிப்பாணை வந்தது. பத்திரமானது என்று நிரூபணமான விமானத்தைத் தேவையில்லாமல் சோதித்து, அதன்மேல் அவநம்பிக்கை பரப்பிய குற்றத்துக்காகத் தற்காலிக வேலைநீக்கம். ஸ்பானரையும் சிவப்பு வார்னிஷ் டப்பாவையும் வாங்கி டைரக்டர் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நாலே முடி உள்ள அந்தச் சின்ன பிரஷ்ஷை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். அது அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

பன்னிரண்டாவது ஓட்டம் சாதாரணமானதல்ல. டெல்லி அதிகாரிகள் முன்னால், இதுவரை போகாத வேகத்துக்கு உள்ளானை விரட்டிக் காட்ட வேண்டும். அந்த வேகத்தில் நூற்று முப்பத்தேழாவது நட்டு தளர்ந்திருந்தால் எண்ணெய் எஞ்சின்மேலேயே சிந்தும். பிறகு இறங்குவதற்கு விமானமும் இருக்காது, செல்வினும் இருக்க மாட்டார்.

அன்று காலை ஆவுடையப்பன் சைக்கிளை எடுக்கவில்லை. வாசலில் சும்மா நின்றார். ஜெபமணி வேலிக்கு வந்தாள். இப்போது ஒன்பதாம் மாதம்.

"அண்ணே, பாத்தாச்சா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நிலையத்து கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எட்டரைக்கு டெல்லிக் கார்கள் உள்ளே போயின. எட்டு நாற்பது. எட்டு நாற்பத்தைந்து. டீ ஆறி ஆடை கட்டியது. எட்டு நாற்பத்தெட்டுக்கு உப்பளத்துக்கு மேலே கோடு கிழித்துக்கொண்டு உள்ளான் வந்து இறங்கியது. உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வின் பிழைத்துவிட்டார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் மனித மனசு லேசுப்பட்டதா? அடுத்த நிமிஷமே அதே மனசு குத்த ஆரம்பித்தது. அப்படியானால் நான் பார்க்காமலேயே வந்துவிட்டதா? ஆறு மணிக்கு எழுந்து எழுந்து முதுகொடிந்ததெல்லாம் எதற்கு? இசக்கிமுத்து சொன்னதுதான் சரியா? வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தார்.

அப்போது கேட்டுக்கு உள்ளேயிருந்து இசக்கிமுத்து தலைதெறிக்க ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி! வந்த வண்டியோட எஞ்சின் மூடியத் திறந்து டெல்லிக்காரங்களுக்குக் காட்டுனேன். நூத்தி முப்பத்தேழுல செவப்பு இருக்கு!"

"நான் போடலியேவே."

"அதான! மனசு கேக்காம, போற வண்டியத் திறந்து பாத்தேன். செவப்பு இல்ல. தொட்டேன், நட்டு விரல்லயே சுத்துது அண்ணாச்சி! விரல்லயே சுத்துது!"

"டைரக்டர்கிட்ட சொன்னீரா?"

"சொன்னேன். வந்த வண்டில செவப்பு இருக்குன்னா, யாரோ முடுக்கத்தான் போறாங்க, நாம குறுக்க போயிக் கெடுத்துரக் கூடாதுன்னுட்டாரு. டெல்லிக்காரங்க, நம்ம ஆளுங்க, எல்லாருமா அந்த நட்டைச் சுத்தி நின்னு, எப்ப முடுக்குவாங்கன்னு பாத்துக்கிட்டிருக்காங்க."

"யாரு முடுக்குவாங்கன்னு?"

"அதைத்தான் அவங்களும் பாக்காங்க."

ஆவுடையப்பன் கேட்டை நோக்கிப் போனார். காவலாளி குறுக்கே கையை நீட்டினார். வேலைநீக்கம் ஆனவரை விடக் கூடாது என்று உத்தரவு. மேலிடத்திலிருந்து எழுத்தில் ஆர்டர் வந்தால் அடுத்த நொடி திறக்கிறேன் என்றார். மணி எட்டு ஐம்பத்திரண்டு. டைப் அடிக்கிற அம்மாவும் நட்டைப் பார்க்கப் போயிருந்தாள்.

"வந்த செல்வின் கிட்ட கேட்டீரா? அவருக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"கேட்டேன். கேன்டீன்ல வடை தின்னுக்கிட்டிருக்காரு. விதிப்படி பேசக் கூடாதுன்னுட்டாரு. ஆனா என் கையவே பாத்துக்கிட்டிருந்தாரு அண்ணாச்சி, ஒரு மாதிரியா."

ஆவுடையப்பன் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"அந்தச் செவப்பு எப்படி இருந்துது? நூல் மாதிரியா?"

"நூலா? ஒரு விரல் அகலத்துக்கு அப்பியிருக்கு."

"என் கோடு என்னைக்காவது விரல் அகலம் இருந்திருக்காவே? மோந்து பாத்தீரா? வார்னிஷ் வாடை அடிச்சுதா?"

இசக்கிமுத்து யோசித்தார். "இல்ல. கோயில் வாடை அடிச்சுது. குங்குமம்…"

சொல்லி வாய் மூடவில்லை. அவர் பார்வை தன் வலது கைக்குப் போனது. காலையில் விமானத்துக்குப் பொட்டு வைத்த ஆள்காட்டி விரல், நுனியில் இன்னும் சிவப்பு.

"நானா?" என்றார். "நான் ஸ்பானர் தொட்டு மாசக்கணக்காச்சே அண்ணாச்சி. என் டூல் பெட்டிச் சாவி எங்க கிடக்குன்னே தெரியல."

"உம்ம அரைஞாண் கயித்துல கிடக்கு. குனியும்போதெல்லாம் சத்தம் கேக்குது."

இசக்கிமுத்து இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது.

"கேளும்," என்றார் ஆவுடையப்பன். "கையால முடுக்கி, அது எங்க நிக்குதோ, அங்கருந்து ஸ்பானர்ல கால் சுத்து. ஒரு பொட்டுகூட மேல போகக் கூடாது. போனா குழாய் விரிஞ்சிரும். முடிச்சிட்டுக் கோடு போடும். எதால வேணும்னாலும் போடும்."

"அவ்வளவு பேரு நிக்காங்க அண்ணாச்சி. டைரக்டரு தொடாதங்காரு. நான் போயி…"

"எல்லாரும் வேற எவனோ வருவான்னு நிக்காங்க. நீரு போவும்வே!"

இசக்கிமுத்து ஓடினார். ஐம்பத்தாறு வயசில், தொந்தியோடு, ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் சாவியையும் பிடித்துக்கொண்டு ஓடிய அந்த ஓட்டம் உள்ளானின் வேகத்துக்குக் குறைந்ததில்லை. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஒன்பது மணிக்குச் சத்தம் எழுந்தது. உள்ளான் தலைக்கு மேலே போய் வெயிலில் மறைந்தது.

திரும்பியபோது பின்னால் ஜெபமணி நின்றிருந்தாள். ஒன்பது மாத வயிற்றோடு குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"அண்ணே?"

"பாத்தாச்சும்மா."

"யாரு? உங்களைத்தான் உள்ள விடலியே."

"இசக்கிமுத்து பாத்தாரு."

"அவரா?"

"அவருதான்," என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். நிலையத்தில் இப்போது ஒரே ஒரு செல்வின்தான். எந்த ஆளைப் பார்த்து அழ வேண்டும் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பாடத்துக்குப் பிறகு நிலையம் திருந்தியிருக்கும் என்று நினைத்தால் உங்களுக்கு ஆபீஸ் அனுபவம் போதாது. மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. வந்திறங்கும் விமானத்தில் குங்குமம் காணப்பட்டால் அது முறையாகச் சோதிக்கப்பட்டதாகக் கருதப்படும். எனவே தனியாகச் சோதனை தேவையில்லை. ஸ்டோரில் எப்போதும் குங்குமம் இருப்பதை ஸ்டோர்கீப்பர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவுடையப்பனின் வேலைநீக்கம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஜெபமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்து பதினாறு நாளானபோது, உள்ளானின் பதின்மூன்றாவது ஓட்டமும் வந்தது. ஆவுடையப்பன் வழக்கம்போல டீக்கடைப் பெஞ்சில் இருந்தார். வீட்டில் உட்கார முடியவில்லை. எட்டு நாற்பத்தெட்டுக்கு விமானம் வந்து இறங்கியது. எட்டு ஐம்பதுக்கு இசக்கிமுத்து கேட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை. கண்கள் சிவந்து, முழங்கை வரைக்கும் கிரீஸாக, நிதானமாக நடந்து வந்தார். விரல்கள் பத்தும் குங்குமம்.

"என்னவே கோலம் இது?"

"காலைல ஆறு மணிக்கு வந்தேன் அண்ணாச்சி. உங்க பழைய தாளை வச்சிக்கிட்டு ஒண்ணொண்ணா, இருநூத்திப் பதிமூணும் பாத்துட்டேன். டைரக்டருக்குத் தெரியாது."

"பதினாலுல்லா?"

"நூத்தி முப்பத்தேழ மட்டும் தொடல. அது உங்களுக்குன்னு விட்டு வச்சேன்." இசக்கிமுத்து கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்தார். "இப்ப வந்த வண்டிய நானும் டைரக்டருமாத் திறந்து பாத்தோம். மத்ததுல எல்லாம் என் விரலு. அந்த ஒண்ணுல மட்டும் நூல் மாதிரி ஒரு கோடு. வார்னிஷ் வாடை."

ஆவுடையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிரஷ் இருந்தது. எழுந்து தெருவைக் கடந்தார்.

"ஆர்டர் இருக்கா சார்?" என்றார் காவலாளி.

"பின்னால வருது."

காவலாளி யோசித்தார். கிளம்புவதற்கு முன்னால் விமானம் வந்து சேருகிற இடத்தில், ஆள் வந்த பிறகு ஆர்டர் வருவது அவருக்கு ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கேட்டைத் திறந்தார்.

"வார்னிஷ் டப்பா டைரக்டர் பீரோல கிடக்குல்லாவே," என்று கேட்டுக்கொண்டே ஆவுடையப்பன் நடையை எட்டிப் போட்டார்.

"அங்க பாருங்க," என்றார் இசக்கிமுத்து.

ஷெட்டின் பக்கமிருந்து, டை தோளுக்குப் பின்னால் பறக்க, கையில் சிவப்பு டப்பாவோடு டாக்டர் பூவராகன் ஓடி வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை நின்று பார்க்க அவருக்கும் தைரியம் வரவில்லை.